நீர் ஏன் புளிக்கிறது: பாறையின் வேதியியலும் நிலத்தின் அரசியலும்

1927 மார்ச் 20 அன்று மகாட் நகரின் சவ்தார் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகினார். அவரைப் பின்தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் பருகினர். அதன் பின் சாதி இந்துக்கள் அக்குளத்தைப் பஞ்சகவ்யத்தால் 'தூய்மைப்படுத்தினர்'. குளத்தைப் பயன்படுத்தும் உரிமை தீண்டப்படாதோருக்கும் உண்டு என்பதைப் பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீரைத் தொடும் உரிமை யாருக்கு என்பதே அன்றைய வழக்கின் கேள்வி.

அக்கேள்வி இன்னும் முடியவில்லை. ஆயினும் அதனருகே மற்றொரு கேள்வி வளர்ந்து நிற்கிறது. தொடக் கிடைத்த நீரில் என்ன கலந்திருக்கிறது, அதைக் கலந்தவர் யார், அதன் விலையைச் செலுத்துவோர் யார்? தீட்டு என்பது கற்பிதம். மாசு என்பது அளக்கக்கூடிய உண்மை. அளக்கக்கூடிய ஒன்றை அளக்கக் கற்றுக்கொள்வது நம் இயக்கங்களின் பணிகளுள் ஒன்றாக வேண்டும். நீர்நிலைகள் அமிலமாவது எவ்வாறு, அதில் பாறைக்கும் நிலப்பயன்பாட்டுக்கும் உள்ள பங்கு என்ன, அந்த அறிவு வழக்குமன்றத்தில் எப்படிப் பயன்படும் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

அமிலமாதல்: அடிப்படைக் கணக்கு

நீரின் அமில, காரத் தன்மையை பி.எச். என்னும் அளவால் குறிக்கிறோம். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இது மடக்கை அளவு என்பதை மறந்துவிடக் கூடாது. பி.எச். 6 உள்ள நீரைவிட 5 உள்ள நீர் பத்து மடங்கு அமிலத்தன்மை கொண்டது. 4 உள்ள நீர் நூறு மடங்கு. 'ஓரிரு புள்ளி மட்டுமே குறைந்துள்ளது' என்று ஓர் அறிக்கை எழுதினால் அது சிறிய மாற்றம் அன்று.

மாசற்ற மழைநீரும் சற்றே அமிலம்தான். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் அதன் பி.எச். ஏறத்தாழ 5.6 ஆக இருக்கும். அந்த மழை மண்ணில் இறங்கிப் பாறைகளைத் தொட்டு ஓடி ஏரியை அடைவதற்குள் அதன் வேதியியல் மாறிவிடுகிறது. ஆகவே ஏரியின் நீர் என்பது வானத்திலிருந்து விழுந்த நீர் மட்டுமன்று. அது வந்த வழியெங்கும் தொட்டவற்றின் கணக்கேடும் ஆகும். அந்த வழி முழுவதையும் சேர்த்தே நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். ஏரியை மட்டும் பார்த்து ஏரியைப் புரிந்துகொள்ள இயலாது.

அமிலம் வந்து சேரும்போது அதை ஈடுசெய்ய நீரில் இருக்கும் திறனைக் காரத்துவம் என்பர். பெரும்பாலும் பைகார்பனேட் அயனிகளே இத்திறனைத் தருகின்றன. லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்கும் குறைவான காரத்துவம், கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், உள்ள ஏரிகள் எளிதில் பாதிப்படையும் ஏரிகளாகக் கருதப்படுகின்றன. காரத்துவம் இருக்கும்வரை பி.எச். பெரிதாக மாறாது, அது தீர்ந்ததும் சட்டென்று சரியும். பி.எச். சரியும் நாளில் தீங்கு தொடங்குவதில்லை. பல ஆண்டுகளாகக் காப்பு கரைந்துவந்ததன் கடைசி நாள் அது. இந்த உண்மைக்குச் சட்டத்தில் பெரும் பொருள் உண்டு என்பதைப் பின்னர் காண்போம்.

பாறை தரும் காப்பு

சுண்ணாம்புப் பாறை அமிலத்தில் விரைந்து கரைந்து பைகார்பனேட்டைத் தருகிறது. எனவே சுண்ணாம்புப் படுகையில் அமைந்த ஏரி பல்லாண்டு அமிலமழையையும் தாங்கிக்கொள்ளும். கருங்கல், குவார்ட்சைட் போன்றவை மிக மெதுவாகவே சிதைகின்றன. அவற்றின் மேல் மண் அடுக்கும் மெலிந்திருந்தால், விழுந்த மழை ஏறக்குறைய விழுந்தபடியே ஏரியை அடைகிறது. ஒரே புகைபோக்கியிலிருந்து வந்த ஒரே மழை இரு ஏரிகளில் பெய்தாலும் ஒன்று உயிரோடிருக்க, மற்றொன்று மீனற்றுப் போவதன் காரணம் இதுவே. கனடாவின் சட்பரி நகர நிக்கல் உருக்காலைகளின் கந்தக டை ஆக்சைடு அருகிலுள்ள கிலார்னியின் குவார்ட்சைட் மலைகளிடையே இருந்த தெளிந்த ஏரிகளைக் கடுமையாக அமிலமாக்கியது. 1972இல் அங்கே 381 மீட்டர் உயரப் புகைபோக்கி எழுப்பப்பட்டது. உள்ளூர்க் காற்று தெளிந்தது. கந்தகமோ தொலைவிடங்களுக்குச் சென்றது. தீங்கை நிறுத்தாமல் பார்வைக்கு அப்பால் அனுப்பிவைக்கும் இந்த உத்தி நமக்குப் புதிதன்று.

பாறையோடு மண்ணையும் கணக்கில் கொள்ள வேண்டும். மண்ணின் களிமண் துகள்களிலும் மட்கிலும் கால்சியம், மக்னீசியம் அயனிகள் ஒட்டியிருக்கின்றன. அமிலம் வரும்போது இவை வெளியேறி அமிலத்தை ஈடுசெய்கின்றன. இந்த இருப்பு தீர்ந்தபின் மண்ணிலிருந்து அலுமினியம் கரையத் தொடங்குகிறது. மீன்களைக் கொல்வதில் அமிலத்தைவிட இந்த அலுமினியத்துக்கே பல இடங்களில் பெரும் பங்கு. அது செவுள்களில் படிந்து மூச்சையும் உப்புச் சமநிலையையும் குலைக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1963 முதல் நடைபெறும் நீர்ப்பிடிப்பு ஆய்வு இதில் முன்னோடி. மழையில் வந்ததையும் ஓடையில் போனதையும் ஆண்டாண்டாக அளந்த ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் முதலியோர், அமிலமழை மண்ணின் கால்சியத்தை எவ்வாறு அரித்தெடுக்கிறது என்பதைக் காட்டினர்.

உயிர்கள் எந்த நிலையில் அழிகின்றன என்பதற்குக் கனடாவின் ஆன்டாரியோவிலுள்ள 223ஆம் எண் ஏரி தெளிவான விடை தந்தது. டேவிட் ஷிண்ட்லரின் குழு 1976இல் தொடங்கி எட்டு ஆண்டுகளில் அந்த ஏரியின் பி.எச். அளவை 6.8இலிருந்து 5.0 வரை வேண்டுமென்றே படிப்படியாகக் குறைத்தது. அளவு 6க்குச் சற்றுக் கீழே இறங்கியதுமே ஒரு சிறு இறால் இனமும் ஒரு சிறு மீன் இனமும் மறையத் தொடங்கின. பெரிய டிரவுட் மீன்கள் அமிலத்தால் நேரே சாகவில்லை. இரையின்றி எலும்பும் தோலுமாயின. 'பெரிய மீன்கள் நன்றாகவே இருக்கின்றன' என்னும் சான்று ஏரியின் நலத்துக்குச் சான்றாகாது என்பதை இந்த ஆய்வு நிறுவியது.

குற்றவாளி மண்ணா, புகைபோக்கியா?

தெற்கு நார்வேயிலும் சுவீடனிலும் ஆயிரக்கணக்கான ஏரிகள் மீனற்றுப் போயின. 1967இல் சுவீடன் அறிவியலாளர் சுவாந்தே ஓடேன், பிரிட்டனிலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் காற்றில் வந்த கந்தகமே இதற்குக் காரணம் என்று வெளிப்படையாக எழுதினார். இதற்கு மறுப்பு அறிவியலுக்குள்ளிருந்தே வந்தது. ஓஸ்லோ பல்கலைக்கழக நிலவியல் பேராசிரியர் இவான் ரோசன்க்விஸ்ட், நிலப்பயன்பாட்டு மாற்றமே காரணம் என்றார். மலைகளில் மேய்ச்சலும் பயிர்த்தொழிலும் கைவிடப்பட்டதால் புதர்களும் காடும் மீண்டு, அவற்றின் அடியில் அமில மட்கு சேர்ந்து, அதுவே ஏரிகளைப் புளிக்கச் செய்கிறது என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. நிலப்பயன்பாடு நீர்வேதியியலை மாற்றுவது உண்மையே. ஊசியிலைக் காடுகள் காற்றிலுள்ள மாசை வடிகட்டிச் சேர்ப்பதும், மரங்கள் வளரும்போது மண்ணின் கால்சியத்தை உறிஞ்சுவதும் ஏரியின் அமிலத்தைக் கூட்டக்கூடும். எனில் உண்மையை எப்படிப் பிரித்தறிவது? பிரித்தானிய ஆய்வாளர்கள் ரிச்சர்ட் பாட்டர்பீ, ரோஜர் ஃபிளவர் ஆகியோர் ஸ்காட்லாந்தின் காலவே பகுதியில், கருங்கல் படுகையில் அமைந்த ஏரிகளின் அடிச்சேற்றைத் துளைத்து எடுத்தனர். டயட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். ஒவ்வோர் இனமும் ஒரு குறிப்பிட்ட அமில நிலையையே விரும்பும். அடுக்குகளைப் படித்தால் ஏரியின் பழைய பி.எச். அளவைக் கணிக்கலாம்.

விடை தெளிவாக இருந்தது. ஆயிரமாயிரம் ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி இருந்த ஏரி, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு, அதாவது நிலக்கரித் தொழில் பெருகிய காலத்தில் சரியத் தொடங்கியது. காடு வளர்க்கப்படாத நீர்ப்பிடிப்புகளிலும் இதே சரிவு காணப்பட்டது. எனவே முதன்மைக் காரணம் நிலமன்று, புகைபோக்கியே. எனினும் பாறைதான் எந்த ஏரி முதலில் விழும் என்பதைத் தீர்மானித்தது. 1979இல் ஜெனீவாவில் எல்லைதாண்டும் காற்று மாசு உடன்படிக்கை கையெழுத்தானதற்கும் 1990இல் அமெரிக்கா தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியதற்கும் இத்தகைய சான்றுகளே வழிவகுத்தன.

இப்பூசலின் பாடம் நமக்கு முக்கியமானது. 'இந்த மண்ணே இப்படித்தான்' என்பது மாசு வழக்குகளில் எதிர்த்தரப்பு எடுக்கும் முதல் கேடயம். அதை முழக்கத்தால் உடைக்க முடியாது. சேற்றின் அடுக்குகளைப் படித்துத்தான் உடைக்க முடிந்தது.

ஜயந்தியா மலை: கிளறப்பட்ட கந்தகம்

இந்தியாவில் நீர் அமிலமாவதற்கு வானத்தைவிட நிலத்தடிதான் பெரும்பாலும் காரணமாகிறது. நிலக்கரியிலும் சதுப்பு மண்ணிலும் பைரைட் என்னும் இரும்பு சல்பைடு உறைந்திருக்கிறது. நீருக்கடியில் காற்றுபடாமல் இருக்கும்வரை அது தீங்கற்றது. தோண்டியோ வடித்தோ காற்றில் திறந்துவிட்டால் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து அதைக் கந்தக அமிலமாகவும் இரும்புத் துருவாகவும் மாற்றுகின்றன. பாக்டீரியாக்கள் இவ்வினையைப் பன்மடங்கு விரைவுபடுத்துகின்றன. தொடங்கிய வினை, சுரங்கம் மூடிய பின்னும் பல பத்தாண்டுகள் தொடரும்.

மேகாலயாவின் ஜயந்தியா மலைகளில் கந்தகம் மிகுந்த நிலக்கரி, எலிவளைச் சுரங்கங்கள் வழியே எடுக்கப்பட்டது. ஆள் தவழ்ந்தே செல்லக்கூடிய குகைகள் அவை. அமில நீர் ஓடைகளில் இறங்கியது. லூகா ஆறு குளிர்காலத்தில் நீல நிறமாக மாறியது. கோபிலி ஆறு அதே மலைகளில் தோன்றி அசாமுக்குள் நுழைகிறது. அங்குள்ள புனல்மின் திட்டத்தின் நீர்த்தேக்கம் அமிலமாகி, எந்திரங்களின் உலோகப் பாகங்களை அரித்தது. மேலே ஒரு மாநிலத்தின் சுரங்கம், கீழே இன்னொரு மாநிலத்தின் ஆறு. நீர்ப்பிடிப்புக்கு மாநில எல்லை தெரியாது.

இதை வழக்காக்கியவர்கள் யார்? அசாமின் திமா ஹசாவோ மாவட்டத்தைச் சேர்ந்த அனைத்து திமாசா மாணவர் சங்கத்தின் மாவட்டக் குழு. அவர்கள் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரல் 17 அன்று எலிவளைச் சுரங்கத்துக்குத் தடை விதித்தது. தடையை மீறிச் சுரங்கம் தொடர்ந்தது. 2018 டிசம்பர் 13 அன்று கசான் என்னுமிடத்தில் சுரங்கத்துக்குள் நீர் புகுந்து 15 தொழிலாளர்கள் சிக்கினர். அவர்களுள் பெரும்பாலோர் வேற்றிடங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். 2019 சனவரியில் தீர்ப்பாயம் மேகாலயா அரசுமீது 100 கோடி ரூபாய் விதித்தது. அதே ஆண்டு சூலையில் உச்ச நீதிமன்றம், ஆறாம் அட்டவணைப் பகுதியில் நிலமும் அதன் கீழுள்ள நிலக்கரியும் மக்களுக்கே உரியவை என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் கனிமச் சட்டத்தின்படி குத்தகை உரிமம் இன்றி எடுக்க இயலாது என்றும் தீர்ப்பளித்தது.

பழங்குடி நில உரிமை என்னும் மெய்யான உரிமையின் பெயரால், உண்மையில் ஆதாயம் அடைந்தவர்கள் நிலத்தைத் தம் கைக்குள் குவித்துக்கொண்ட சிலர். குகைக்குள் தவழ்ந்தவர்களும் ஓடையில் மீன் பிடித்தவர்களும் அதன் பங்கைப் பெறவில்லை. கூட்டுரிமையின் மொழி யாருடைய இலாபத்துக்குக் காவல் நிற்கிறது என்று கேட்பது அந்த உரிமையை மறுப்பதாகாது.

குட்டநாடு: வரப்பின்மேல் வாழ்ந்தவர்கள்

கேரளத்தின் வேம்பநாட்டுக் காயல் இந்தியாவின் மிக நீண்ட ஏரி; 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் தென்பகுதியில் பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் கலக்கும் தாழ்நிலமே குட்டநாடு. இங்குள்ள வயல்கள் கடல்மட்டத்துக்கு 0.6 முதல் 2.2 மீட்டர் வரை கீழே உள்ளன. 2013இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு இந்தப் பயிர்முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது.

குட்டநாட்டு மண்ணில் ஒரு வகைக்குக் கரி நிலம் என்று பெயர். கறுத்த மண், உள்ளே பழைய காடுகளின் புதைமரங்கள். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்நீர் உள்ளே வந்தபோது, அதிலிருந்த சல்பேட்டும் அலையாத்தி மரங்களின் மட்கும் சேர்ந்து இம்மண்ணில் பைரைட்டை உருவாக்கின. நீரில் மூழ்கியிருக்கும்வரை அது உறங்கும். நெல் பயிரிட நீரை இறைத்து மண் உலர்ந்தால் விழித்துக்கொள்ளும். கோடையில் வெடித்த நிலத்தில் சேர்ந்த அமிலத்தை முதல் மழை கரைத்துக் கொண்டுவரும். பி.எச். 3.5க்கும் கீழே போவதுண்டு. இதைக் குட்டநாட்டு உழவர்கள் 'புளி இளக்கம்' என்கின்றனர். இரும்பும் அலுமினியமும் கரைந்து நெல்லின் வேரைக் கருக்கும்.

இயற்கை இங்கு மருந்தையும் வைத்திருந்தது. காயலின் அடியில் சிப்பி ஓடுகள் பெரும் படிவுகளாகக் கிடந்தன. அந்த ஓடு கால்சியம் கார்பனேட். சுட்ட சிப்பிச் சுண்ணாம்பே கரி நிலத்தின் புளிப்பை முறிக்க உழவர்கள் இடுவது. அலையோடு உள்ளே வந்து திரும்பும் கடல்நீரும், தன் காரத்துவத்தால், அமிலத்தை ஈடுசெய்து கழுவிச் சென்றது. மனிதக் கை இவ்விரண்டிலும் பட்டது. சிப்பி ஓடுகள் சிமென்ட் ஆலைக்காகவும் அள்ளப்பட்டன. 1970களின் நடுவில் பயன்பாட்டுக்கு வந்த தண்ணீர்முக்கம் தடுப்பணை, உவர்நீர் நுழையாதிருக்க ஆண்டின் சில மாதங்கள் மூடப்படுகிறது. நெல்லுக்கு உவர்ப்பு தடுக்கப்பட்டது. காயலின் தென்பகுதிக்கோ கழுவும் ஓட்டம் குறைந்தது. ஒரே கதவு ஒருவருக்கு விளைச்சலும் இன்னொருவருக்குத் தேங்கிய நீருமாகிறது.

யார் அந்த இன்னொருவர்? காயலின் அடியில் மூழ்கிச் சேற்றுக் கட்டிகளை எடுத்து, தென்னங்கழிகளையும் மூங்கிலையும் நட்டு, வரப்பெழுப்பி வயலை உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் புலையர், பறையர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினர். உடைப்பு நிற்காத வரப்புகளில் புலையரையே உயிரோடு வைத்து மூடினர் என்னும் வாய்மொழி நினைவு அம்மக்களிடையே இன்றும் வாழ்கிறது. 1940களில் உருவான சித்திரை, மார்த்தாண்டம், ராணி காயல் நிலங்களின் வரலாற்றில் நிலக்கிழார் முரிக்கனின் பெயர் நிலைத்தது. வரப்பெழுப்பியவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. இதே காயலின் வடபகுதியில்தான் 1913இல் கொச்சிப் புலையர்கள், கூடுவதற்குத் தரையில் இடம் மறுக்கப்பட்டதால், படகுகளை ஒன்றோடொன்று பிணைத்து நீரின்மேல் மாநாடு கூட்டினர்.

1970இல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தம் குத்தகை உழவருக்கு வயலைத் தந்தது. குடிகிடப்புக்காரர் எனப்பட்ட கூலித் தொழிலாளிக்கு, ஊராட்சிப் பகுதியில், அதிகபட்சம் பத்து சென்ட் குடிமனையே கிட்டியது. அந்தக் குடிமனைகள் பெரும்பாலும் வரப்புகளின்மேல், கால்வாய்க் கரைகளில் உள்ளன. இதன் வேதியியல் விளைவைக் கவனிக்க வேண்டும். வயலிலிருந்து இறைத்து வெளியேற்றப்படும் அமில நீர் எந்தக் கால்வாயில் விழுகிறதோ, அதே கால்வாயில்தான் கரையில் வாழ்வோர் குளிக்கின்றனர், பாத்திரம் துலக்குகின்றனர், மீன் பிடிக்கின்றனர். எப்போது இறைப்பது என்று முடிவெடுப்பது வயலைப் பயிரிடுவோரின் பாடசேகரக் குழு. வயலில்லாதவருக்கு அக்குழுவில் குரலில்லை. பயிரில்லாதவருக்குப் பயிர் இழப்பீடும் இல்லை. 1991இல் கேரள நீர்நிலைகளில் பரவிய மீன் புண் நோய் குட்டநாட்டையும் தாக்கியது. அமில நீர் மீனின் தோலைச் சிதைத்து நோய்ப் பூஞ்சைக்கு வழிதிறப்பதை ஆஸ்திரேலிய முகத்துவார ஆய்வுகள் காட்டியுள்ளன. மீன் பிழைப்பு இழந்தவர்களை எந்த வேளாண் இழப்பீட்டுப் பட்டியலும் எண்ணுவதில்லை.

'இயற்கை' என்னும் எதிர்வாதமும் சட்டமும்

குட்டநாட்டு மண் இயல்பிலேயே அமிலம் உடையது; ஜயந்தியா நிலக்கரி இயல்பிலேயே கந்தகம் உடையது. இரண்டும் உண்மை. இவ்வுண்மையிலிருந்து 'எனவே யாரும் பொறுப்பல்ல' என்னும் முடிவு வருகிறதா?

தீங்கியல் சட்டத்தில் முட்டையோட்டு மண்டை விதி என ஒன்றுண்டு. அடிபட்டவரின் மண்டை ஓடு வழக்கத்தைவிட மெலிதாக இருந்தது என்பது அடித்தவருக்குத் தற்காப்பு ஆகாது. பாதிக்கப்பட்டவரை அவர் உள்ளபடியே ஏற்க வேண்டும். கருங்கல் படுகை ஏரிக்கும் பைரைட் படிந்த சதுப்புக்கும் இந்தத் தர்க்கத்தைப் பொருத்தலாம். காப்புக் குறைந்த நிலம் என்பது பொறுப்பைக் குறைக்கும் காரணமன்று. கூடுதல் கவனம் தேவை என்பதற்கான முன்னறிவிப்பு. நிலவியல் எங்கே ஆபத்து உறங்குகிறது என்பதைச் சொல்கிறது. அதை எழுப்புவது தோண்டுதலும் வடித்தலும் தடுத்தலுமாகிய மனித முடிவுகள்.

இந்தியச் சட்டத்தில் இதற்கு ஊன்றுகோல்கள் உள்ளன. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்யும் கொள்கையையும் நாட்டின் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தன் செயல் சூழலுக்குத் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் சுமை தொழில் நடத்துவோர்மீதே என்றும் கூறியது. 1999இல் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எதிர் நாயுடு வழக்கில் அக்கோட்பாடு மேலும் விரிந்தது. ஐதராபாத்தின் குடிநீர் ஏரிகளான உஸ்மான் சாகர், இமாயத் சாகர் ஆகியவற்றின் நீர்ப்பிடிப்பில், பத்துக் கிலோமீட்டர் எல்லைக்குள் ஒரு வேதித் தொழிற்சாலை வரலாமா என்பதே அவ்வழக்கு. ஏரிக்கரையை மட்டுமன்றி நீர்ப்பிடிப்பு முழுவதையும் காக்க வேண்டும் என்னும் அறிவியல், அங்கே சட்ட மொழி ஆனது.

பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் காலவரம்பு கவனத்துக்குரியது. 14ஆம் பிரிவின்கீழ் வழக்கு மூலம் முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும், இழப்பீடு கோரும் 15ஆம் பிரிவின்கீழ் ஐந்து ஆண்டுக்குள்ளும் செல்ல வேண்டும். அமிலமாதலோ, மேலே கண்டபடி, காப்பு கரையும் வரை கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. தீங்கு எந்நாளில் தொடங்கியது என்னும் கேள்வியில் வழக்கு தோற்கக்கூடும். ஆகவேதான் பி.எச். மட்டுமின்றிக் காரத்துவத்தையும் தொடர்ந்து அளந்து பதிவுசெய்வது சட்டத் தேவையாகிறது.

இன்னொரு சட்டத்தை நம் இயக்கங்களே மறந்துவிடுகின்றன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(x) பிரிவு, அம்மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ பிற நீர்மூலத்தையோ அதன் பயனுக்குத் தகுதி குறையும்படி மற்றவர் மாசுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. 2015 திருத்தத்துக்கு முன் இது 3(1)(xiii) பிரிவாக இருந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டபோது நாடு முழுவதும் அதிர்ந்தது. அமிலமும் உலோகமும் நிறமின்றி மணமின்றிக் கலக்கும்போது அந்த அதிர்ச்சி எழுவதில்லை. இப்பிரிவின் முதற்கூறு, அந்த நீர்மூலம் அம்மக்களால் 'வழக்கமாகப் பயன்படுத்தப்பட்டது' என்பதை நிறுவுவது. சேரியின் நீர்ப் பயன்பாட்டை எந்த அரசு ஏடும் தானாகப் பதிவதில்லை. அதை நாமே ஆவணமாக்க வேண்டும்.

களத்தில் அளக்க வேண்டியவை

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் ஒரு நீர்நிலையை ஆராயத் தொடங்கினால் பின்வரும் ஒழுங்கு பயன்படும்.

முதலாவது, வரைபடம். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பாறை வரைபடத்தையும் மண்வகை வரைபடத்தையும் நீர்ப்பிடிப்பின் எல்லையோடு பொருத்திப் பாருங்கள். சுண்ணாம்பு எங்கே, கருங்கல் எங்கே, கரிமச் சதுப்பு எங்கே என்று குறியுங்கள். அதன்மேல் சுரங்கம், ஆலை, கால்வாய், தடுப்பணை, குடியிருப்பு ஆகியவற்றைச் சாதிவாரியாகக் குறியுங்கள். வழக்கின் பாதி இந்த ஒரே தாளில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, அளவீடு. பி.எச்., காரத்துவம், மின்கடத்துதிறன், சல்பேட், குளோரைடு, கால்சியம், இரும்பு, அலுமினியம் ஆகியவை அடிப்படை. கடலோரத்தில் ஒரு விகிதம் சிறப்பாக உதவும். கடல்நீரில் குளோரைடு சல்பேட்டைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு எடை உள்ளது. நீரில் இந்த விகிதம் மிகவும் குறைந்திருந்தால், சல்பேட் கடலிலிருந்து மட்டும் வரவில்லை, பைரைட் சிதைவு போன்ற வேறு மூலம் உண்டு என்று பொருள். 'கடல் உப்புதான்' என்னும் விளக்கத்தைச் சோதிக்க இது நல்ல கருவி.

மூன்றாவது, இடமும் காலமும். ஐயத்துக்குரிய இடத்துக்கு மேலேயும் கீழேயும், ஒரே நாளில், மாதிரி எடுங்கள். கோடைக்குப் பின் வரும் முதல் மழையைத் தவறவிடாதீர்கள். ஆண்டு முழுதும் மறைந்திருக்கும் அமிலம் அந்தச் சில நாட்களில்தான் வெளிப்படும். வாரியங்களின் மாதாந்திர மாதிரி அந்நாட்களைத் தவறவிட்டால், ஆண்டுச் சராசரி அழகாக இருக்கும்.

நான்காவது, சான்றின் தொடர்ச்சி. மாதிரி எடுத்தவர், நேரம், இடம், புட்டியின் முத்திரை, ஒப்படைத்த நாள் அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வு அங்கீகாரம் பெற்ற கூடத்தில் நடக்க வேண்டும். அறிவியலில் சரியாக இருந்தும் இந்த இடைவெளியால் நீதிமன்றத்தில் தள்ளப்படும் அறிக்கைகள் உண்டு.

ஐந்தாவது, வாய்மொழி. எந்த ஆண்டுவரை அந்த ஓடையில் எந்த மீன் கிடைத்தது, எப்போது நீர் துரு நிறம் கொண்டது, எந்தத் துறையில் யார் குளித்தனர் என்பதை முதியவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், கேட்டு ஒப்பமிட்ட வாக்குமூலமாகத் தொகுங்கள். டயட்டம் ஓடுகள் ஏரியின் நினைவு என்றால் இது ஊரின் நினைவு.

தமிழகத்துக்கு ஓர் எச்சரிக்கை

இந்தப் பாடத்தை அப்படியே தமிழகத்து ஏரிகள்மீது ஏற்றக் கூடாது. இங்குள்ள ஏரிகளுள் பெரும்பாலானவை வறண்ட தட்பவெப்பத்தில், ஆவியாதல் மிகுந்த நிலத்தில் உள்ளன. பல இடங்களில் மண்ணில் சுண்ணாம்பு முடிச்சுகளும் உண்டு. நீர் பெரும்பாலும் காரம் சார்ந்தே இருக்கும். நம் துன்பம் அதே கணக்கின் மறுமுனை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பைகார்பனேட் மிகுந்து கால்சியம் குறைந்த நிலத்தடி நீர், பாறையிலிருந்து ஃபுளூரைடைக் கரைத்து எடுக்கிறது. பல்லும் எலும்பும் பாதிக்கப்படுகின்றன. அங்கும் 'பாறைதான் காரணம்' என்பது உண்மை. ஆழ்துளைக் கிணற்றின் ஆழம், பாதுகாக்கப்பட்ட குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது என்பவை பாறையின் முடிவுகள் அல்ல.

நீர்ப்பிடிப்பு என்னும் கருத்து நமக்குக் கற்பிப்பது ஒன்றுண்டு. மேட்டில் எடுக்கப்படும் முடிவு பள்ளத்தில் வந்து தேங்குகிறது. இந்நாட்டில் பள்ளத்தில் யார் குடியமர்த்தப்பட்டார்கள் என்பதைச் சாதி முன்பே தீர்மானித்துவிட்டது. எனவே ஒரு சுரங்கத்துக்கோ தடுப்பணைக்கோ நடக்கும் கருத்துக்கேட்பில் பட்டா உள்ளவரை மட்டும் அழைப்பது போதாது. அந்த நீர்ப்பிடிப்பின் கடைசிக் குடிமனை வரை அழைக்கப்பட வேண்டும். அவர்களுடைய நீரின் அளவீடு திட்டம் தொடங்குமுன்பே பதிவில் ஏற வேண்டும். முன்னளவு இல்லாத இடத்தில் பின்னிழப்பை மெய்ப்பிக்க முடியாது. அடுத்த மழைக்கு முன் உங்கள் ஊரின் நீர்நிலையில் முதல் மாதிரியை எடுப்பதிலிருந்து இவ்வேலையைத் தொடங்கலாம்.